முத்திரை எதற்குச் சாட்சி?

இளம் அறிவியல் கணிப்பொறி அறிவியல், இரண்டாம் ஆண்டு மாணவி

காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் ஏற்றுமதிப் பொருளும் இறக்குமதிப் பொருளும் மலைபோலக் குவிந்து கிடந்தன என்றும், சோழ மன்னனின் சுங்க அலுவலர்கள் அவற்றின்மேல் புலிப்பொறி இட்ட பின்னரே வெளியே விட்டனர் என்றும் பட்டினப்பாலை கூறுகிறது. சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதையிலோ, பண்டகசாலைப் பொதிகளின்மேல் உடையவனின் பெயரும் பொதியின் அளவும் பொறிக்கப்பட்டிருந்த காட்சி வருகிறது. இச்செய்திகளைத் தமிழ்ப் பாடவேளையில் கேட்டுப் பெருமிதம் கொள்ளாத மாணவர் நம்முள் இல்லை. ஆனால் பெருமிதத்தோடு நின்றுவிடாமல் ஒரு கேள்வியும் கேட்டுப் பார்க்கலாம். அந்தப் புலிப்பொறி எதற்குச் சாட்சி? மூட்டையில் இருந்த மிளகு முதல்தர மிளகு என்பதற்கா? அல்ல. சுங்கம் முடிந்தது, இது அரசனின் காவலில் உள்ள பொருள் என்பதற்கு மட்டுமே அது சாட்சி. மிளகில் பதர் இருந்தால் புலி பொறுப்பேற்காது!

இந்தக் கேள்வியைத்தான் இக்கட்டுரை முழுவதும் கேட்கப் போகிறேன். ஏனெனில் இன்று நம் கைபேசியே ஒரு துறைமுகம் ஆகிவிட்டது. புடவை, புத்தகம், மின்விசிறி, மீன் குழம்புப் பொடி எல்லாம் அதன் வழியே வந்து இறங்குகின்றன. கடைக்காரனின் முகம் தெரியாது. கடை எந்த ஊரில் உள்ளது என்பதும் தெரியாது. அந்தப் பக்கத்தின் அடியில் பச்சை நிறத்தில் ஒரு கேடயம், அதற்குள் ஒரு சரிக்குறி, பக்கத்தில் ஒரு பூட்டு, “நூறு விழுக்காடு பாதுகாப்பானது” என்று ஒரு வரி. இவற்றை வணிக உலகில் ‘டிரஸ்ட் சீல்’ என்கிறார்கள். நாம் நம்பிக்கை முத்திரை என்று சொல்லுவோம். வாங்குபவரின் தயக்கத்தைப் போக்கி விற்பனையைப் பெருக்குவதற்கென்றே இவை வைக்கப்படுகின்றன. வைப்பதில் குற்றமில்லை. எதன் பேரில் வைக்கிறார்கள் என்பதே கேள்வி.

முத்திரை ஏன் தேவைப்படுகிறது என்பதற்குப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையில் விடை கூறினார். அமெரிக்காவில் பழைய கார் விற்கும் சந்தையை அவர் எடுத்துக்கொண்டார். வண்டியின் உண்மை நிலை விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவன் நல்ல வண்டிக்கும் ஓட்டை வண்டிக்கும் இடைப்பட்ட ஒரு விலையைத்தான் கொடுக்கத் துணிவான். அந்த விலைக்கு நல்ல வண்டி வைத்திருப்பவன் விற்க மாட்டான். சந்தையை விட்டு விலகிவிடுவான். எஞ்சுவது ஓட்டை வண்டிகளே. இதை உணர்ந்த வாங்குபவன் விலையை இன்னும் குறைப்பான். இப்படியே போனால் சந்தையே அழிந்துவிடும். நேர்மையற்றவனால் விளையும் கேடு, அவனிடம் ஏமாந்தவனோடு முடிவதில்லை; நேர்மையானவனின் வணிகத்தையும் அது கொன்றுவிடுகிறது என்பது இதன் சாரம். 2001-இல் வேறு இருவரோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார் அவர். அதே கட்டுரையில் நம் நாட்டுக் கடைத்தெருவும் வருகிறது. அரிசியில் அரிசியின் நிறமும் வடிவமும் கொண்ட கல்லை வேண்டுமென்றே கலப்பதையும், நம் பெண்கள் அதை முறத்தில் இட்டுப் பொறுக்குவதையும் அவர் எடுத்துக்காட்டாகக் குறிப்பிடுகிறார். முறமும் ஒரு பொருளியல் கருவி என்பதை அமெரிக்கப் பேராசிரியர் ஒருவர் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன்.

இணைய அங்காடியில் முறம் இல்லை. அங்கே முறத்தின் வேலையை முத்திரைதான் செய்ய வேண்டும்.

நம் பகுதி முத்திரைகளுக்குப் பழகிய பகுதியே. பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்து, இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. குடவோலை முறைக்காக அவ்வூரை நாம் அறிவோம். அங்கே பொன் வாரியம் என்ற குழுவும் இருந்தது. ஊருக்குப் பொன்னின் மாற்றுக் காண்போரைச் சபையே தேர்ந்தெடுத்தது. விற்பவனும் அல்லாத, வாங்குபவனும் அல்லாத மூன்றாம் ஆள் ஒருவன் உரைகல்லைக் கையில் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கு இருந்திருக்கிறது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் ஒல்லாந்தர் கோட்டை நிற்கிறது. துணி ஏற்றுமதி செய்த அந்தக் கம்பெனியின் முத்திரை வி.ஓ.சி. என்ற மூன்று எழுத்துகளைப் பின்னியது. (நம் கப்பலோட்டிய தமிழருக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை!)

இன்றைய நிலைக்கு வருவோம். செங்கற்பட்டுச் சந்தையில் தராசைப் பார்த்திருப்பீர்கள். இரும்பு எடைக்கல்லின் அடியில் ஒரு குழி இருக்கும். அதில் ஈயம் அடைத்திருக்கும். ஈயத்தின்மேல் எழுத்துகள் குத்தியிருக்கும். தொழிலாளர் துறையைச் சேர்ந்த முத்திரை ஆய்வாளர் பார்த்த பின் இடுவது அது. எடைக்கல்லை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், மின்னணுத் தராசை ஆண்டுக்கு ஒருமுறையும் மறுமுத்திரை இட வேண்டும் என்பது 2009-ஆம் ஆண்டுச் சட்ட அளவியல் சட்டத்தின்கீழ் வந்த விதி. ஈயம் ஏன் என்று நான் எங்கள் இயற்பியல் விரிவுரையாளரைக் கேட்டேன். “இளகிய உலோகம்; முத்திரை எளிதில் பதியும். யாராவது கல்லைத் துளைத்து எடையைக் குறைக்க முயன்றால் முதலில் அதுதான் சிதையும்” என்றார். ஆக, நல்ல முத்திரை பொருளோடு ஒட்டியிருக்கும். பொருளைக் கெடுத்தால் தானும் கெடும். இக்குணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கணிப்பொறிக்குப் போகும்போது இது வேண்டும்.

அடுத்தது அக்மார்க். 1937-ஆம் ஆண்டு விளைபொருள் தரம்பிரித்தல், குறியிடுதல் சட்டத்தின் வழியே வந்தது. நெய், தேன், எண்ணெய், மசாலைப் பொடி ஆகியவற்றின்மேல் இதைக் காணலாம். நம் மக்கள் அதை எந்த அளவுக்கு ஏற்றுக்கொண்டார்கள் என்றால், “அக்மார்க் நல்லவன்” என்று மனிதனுக்கே அதைக் குத்திவிட்டார்கள். ஓர் அரசு முத்திரை ஒரு மொழியில் பெயரடையாக மாறுவது சாதாரணச் செய்தி அன்று. ஐ.எஸ்.ஐ. முத்திரையைத் தந்த இந்தியத் தர நிறுவனம் 1947 சனவரியில் தொடங்கியது, 1987 ஏப்ரலில் அது இந்தியத் தர அமைவனம் (பி.ஐ.எஸ்.) ஆயிற்று. பெயர் மாறி இத்தனை ஆண்டுகள் ஆன பின்னும் பழைய மூன்று எழுத்தே மின்விசிறியிலும் எரிவாயு அடுப்பிலும் இருக்கிறது. மக்களுக்குப் பழகிய குறியை மாற்றினால் நம்பிக்கையை மறுபடி முதலிலிருந்து சேர்க்க வேண்டியிருக்கும். இதற்கு 2004-இல் வந்த பட்டு முத்திரையையும், 2006-இல் வந்த கைத்தறி முத்திரையையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். காஞ்சிபுரத்துக்கு இவ்வளவு அருகில் இருக்கும் நம் வகுப்பிலேயே அவ்விரண்டையும் அடையாளம் காட்டக்கூடியவர் சிலரே.

தங்க நகைக்கு ஹால்மார்க் 2000-ஆம் ஆண்டு முதல் உண்டு. 2021 சூன் 16 முதல் 256 மாவட்டங்களில் கட்டாயம் ஆக்கப்பட்டது. பின்னர் மேலும் பல மாவட்டங்கள் சேர்க்கப்பட்டன. நகையில் மூன்று குறிகள் இருக்கும்: பி.ஐ.எஸ். முக்கோணம், தூய்மை (22 காரட்டு என்றால் 916; அதாவது ஆயிரம் பங்கில் 916 பங்கு தங்கம்), எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீடு. மூன்றாவது குறியில்தான் புதுமை இருக்கிறது. ஒவ்வொரு நகைக்கும் ஒன்றே ஒன்று. 2023 ஏப்ரல் முதல் இக்குறியீடு இல்லாத ஹால்மார்க் நகையைக் கடைகள் விற்கக் கூடாது என்றாயிற்று. பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் இந்த ஆறு இலக்கத்தை இட்டால் யார் விற்ற நகை, எந்த மையத்தில் சோதித்தது, தூய்மை என்ன, அது மோதிரமா தோடா என்பது வரை வந்துவிடும். அம்மாவின் தோட்டைக் கழற்றி வாங்கிப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்து இட்டுப் பார்த்தேன். தோடு என்றே வந்தது. அம்மாவுக்கு அன்று முழுவதும் மகிழ்ச்சி. “படிக்க வச்சது வீண் போகல” என்றார். ஒரு மோதிரத்தின் குறியீட்டைத் திருடி வளையலில் பொறித்தால் செயலி காட்டிக்கொடுத்துவிடும். மோதிரத்தின் குறியீட்டை இன்னொரு மோதிரத்தில் பொறித்தால் அவ்வளவு எளிதில் காட்டிக்கொடுக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இவற்றிலிருந்து முத்திரையின் இலக்கணம் விளங்குகிறது. அதைத் தருபவர் வேறு ஆளாக இருக்க வேண்டும். தருமுன் சோதித்திருக்க வேண்டும். தந்ததை நாம் அவரிடமே நேரில் கேட்டுச் சரிபார்க்க வழி இருக்க வேண்டும். தவறினால் பறிக்க வேண்டும். பறிக்காத முத்திரை வெறும் அலங்காரமே.

இனி இணையம். அமெரிக்காவில் 1990-களின் பிற்பகுதியில் மக்கள் கணிப்பொறியில் கடன் அட்டை எண்ணைத் தட்ட அஞ்சிய காலத்தில், டிரஸ்ட்-ஈ என்ற அமைப்பு ஒரு முத்திரையை வழங்கத் தொடங்கியது. வாடிக்கையாளரின் சொந்தச் செய்திகளை நேர்மையாகக் கையாளும் நிறுவனங்களுக்கு அது அடையாளம் என்றார்கள். 2006-இல் பெஞ்சமின் ஈடல்மன் என்ற ஆய்வாளர் ஒரு வேலை செய்தார். முத்திரை பெற்ற தளங்களையும் பெறாத தளங்களையும் எடுத்து, வேறு வழியில் கிடைத்த பாதுகாப்புத் தரவுகளோடு ஒப்பிட்டார். முத்திரை பெற்ற தளங்கள் நம்பத்தகாதவையாக இருக்கும் வாய்ப்பு, பெறாத தளங்களைக் காட்டிலும் இரு மடங்குக்கு மேல் என்று கண்டார்! அக்கர்லாஃபைப் படித்தவருக்கு இது வியப்பன்று. பெயர் பெற்ற நிறுவனத்துக்கு முத்திரை தேவையில்லை. பெயர் இல்லாதவனுக்கும், பெயர் கெட்டவனுக்கும்தான் அது தேவை. சோதனை தளர்வாக இருந்தால் வரிசையில் முதலில் வந்து நிற்பவன் பெயர் கெட்டவனே.

பின்னர் 2014-இல் அமெரிக்க அரசின் கூட்டாட்சி வணிக ஆணையம் அதே டிரஸ்ட்-ஈ அமைப்பின்மேல் நடவடிக்கை எடுத்தது. ஆண்டுதோறும் மறுசோதனை செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டே, 2006 முதல் 2013 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட தடவை அதைச் செய்யாமல் விட்டிருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. இரண்டு இலட்சம் டாலர் கட்டி முடித்துக்கொண்டார்கள். நம் ஊர் முத்திரை ஆய்வாளர் தராசைப் பார்க்காமலே ஈயத்தில் குத்தியதற்கு ஒப்பானது இது.

அடுத்து, பூட்டுக் குறி. இணையப் பக்கத்தின் முகவரிக்கு முன்னால் நெடுங்காலம் ஒரு சின்னப் பூட்டு இருந்தது. “பூட்டு இருந்தால் நல்ல தளம்” என்று பலரும் பாடம் சொன்னார்கள். அப்படியன்று. உங்கள் கருவிக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே செல்லும் செய்தியை வழியில் எவரும் படிக்க முடியாது, முகவரிக்கு உரிய தளத்தோடுதான் பேசுகிறீர்கள் என்ற இரண்டே செய்திகளுக்கு அது சாட்சி. அத்தளத்தை நடத்துபவன் யோக்கியனா என்பதற்கு அது சாட்சி அன்று. திருடனோடு நீங்கள் பேசுவதையும் பிறர் ஒட்டுக்கேட்காதபடி அது காத்துக்கொடுக்கும். இப்போது இலவசமாகவே சான்றிதழ் கிடைப்பதால் ஏமாற்றுத் தளங்களிலும் பூட்டு தொங்குகிறது. கூகுள் நிறுவனம் 2021-இல் செய்த ஆய்வில், பூட்டின் சரியான பொருளை அறிந்தவர் நூற்றுக்குப் பதினொருவரே என்று தெரிந்தது. 2023 செப்டம்பரில் குரோம் உலாவியிலிருந்து பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டார்கள். வேறொரு வகைச் சான்றிதழ் இருந்தது. அதில் நிறுவனத்தின் சட்டப் பெயரே பச்சை எழுத்தில் தெரியும். 2017-இல் ஓர் ஆய்வாளர், புகழ் பெற்ற பணப் பரிமாற்ற நிறுவனமான ‘ஸ்ட்ரைப்’ என்பதன் பெயரிலேயே அமெரிக்காவின் வேறொரு மாநிலத்தில் முறைப்படி ஒரு கம்பெனியைப் பதிவு செய்து அந்தப் பச்சைச் சான்றிதழையும் வாங்கிக் காட்டினார். சட்டப்படி எல்லாம் சரி, ஆள்தான் வேறு. 2019-இல் முன்னணி உலாவிகள் அந்தப் பெயர் காட்டும் வழக்கத்தைக் கைவிட்டன.

அப்படியானால் கணிப்பொறியில் உண்மையான முத்திரையே இல்லையா? உண்டு. நம் பாடத்திட்டத்தில் உள்ளதே. ஒரு செய்தியைக் குறித்த ஒரு கணக்கீட்டில் இட்டால் சிறியதோர் எண் கிடைக்கும். செய்தியில் ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் அந்த எண் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். செய்தியை வெளியிடுபவர் தம்மிடம் மட்டுமே உள்ள மறைவுச் சாவியால் அந்த எண்ணை மாற்றி எழுதிச் செய்தியோடு இணைக்கிறார். அவர் ஊருக்கெல்லாம் கொடுத்துள்ள பொதுச் சாவியால் எவரும் அதைச் சரிபார்க்கலாம். ஆனால் பொதுச் சாவியை வைத்துப் புதிய முத்திரை இட முடியாது. இரு சாவிகள் என்ற எண்ணத்தை டிஃபியும் ஹெல்மனும் 1976-இல் வெளியிட்டார்கள். ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் அடுத்த ஆண்டில் அதற்குச் செயல்முறை கண்டார்கள். நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் இத்தகைய கையொப்பத்துக்குச் சட்ட மதிப்பும் தந்துள்ளது. எடைக்கல்லின் ஈயத்தைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அதுவேதான் இது. செய்தியைத் துளைத்தால் முத்திரை சிதையும். பக்கத்தின் அடியில் ஒட்டிய பச்சைக் கேடயமோ வெறும் படம். படத்தை அழுத்திப் பிடித்தால் நகல் எடுக்கலாம். நகல் எடுத்த இடத்தில் ஒட்டலாம். முத்திரை தந்தவரின் தளத்துக்கே அது நம்மை அழைத்துச் சென்று, அங்கே கடையின் பெயரும் காலமும் இருந்தால்தான் பொருட்படுத்த வேண்டும்.

ஆனால் மக்கள் அப்படியா பார்க்கிறார்கள்? அமெரிக்காவில் பேமார்டு என்ற ஆய்வு நிறுவனம் 2013-இல் பலவகை முத்திரைகளைக் காட்டி எதை மிகவும் நம்புவீர்கள் என்று கேட்டது. முதலிடம் பெற்றது நார்ட்டன் என்ற பெயர் தாங்கியது. கணிப்பொறி நச்சுநிரல் எதிர்ப்பானாக வீடுதோறும் கேட்ட பெயர் அது. தொழில்நுட்பத்தை எடை போட்டு எவரும் விடை சொல்லவில்லை; காதில் விழுந்த பெயரைச் சொன்னார்கள். என் சித்தியும் அப்படித்தான். சென்ற ஆண்டு ஆடித் தள்ளுபடியில் கைபேசியில் கண்ட ஒரு பக்கத்தில் 1,800 ரூபாய்க்குப் பட்டுப் புடவை கேட்டு முன்பணமாகவே கட்டினார். பக்கத்தின் அடியில் நான்கு முத்திரைகள் இருந்தன. வந்தது மெல்லிய நைலான் துண்டு. பக்கத்தில் கடை முகவரி இல்லை. தொலைபேசி எண் இல்லை. மின்னஞ்சல் ஒன்று இருந்தது, அதற்குப் பதிலில்லை. 1930 என்ற எண்ணில் இணையக் குற்றப் புகாரும், 1915 என்ற எண்ணில் நுகர்வோர் புகாரும் கொடுத்தோம். பணம் திரும்பவில்லை. சித்தி கல்பாக்கம் பக்கம் நூறு நாள் வேலைக்குப் போனவர். அந்தத் தொகை எத்தனை நாள் கூலி என்று கணக்குப் பார்க்க நான் துணியவில்லை. அதன் பின் அவர் கைபேசியில் எதையும் வாங்குவதில்லை. எவனோ ஒருவன் செய்த காரியத்துக்கு, இணையத்தில் இருக்கும் நேர்மையான நெசவாளர் அனைவரும் ஒரு வாடிக்கையாளரை இழந்தார்கள். 1970-ஆம் ஆண்டுக் கட்டுரை எங்கள் வீட்டுத் திண்ணையில் நிரூபணமாயிற்று.

அண்ணன் கதைதான் எனக்கு இதை எழுதத் தூண்டுதல். எங்கள் அப்பா மாமல்லபுரத்தில் கல்சிற்பம் செய்பவர். ஏழாம் வகுப்போடு உளி பிடித்தவர். ஒன்பது அங்குலப் பிள்ளையார் ஒன்றுக்குக் கடைக்காரர் கையில் தருவது தொள்ளாயிரம் ரூபாய். அதே பிள்ளையார் கடையில் இரண்டாயிரத்து எண்ணூறு. இந்த இடைவெளியைக் குறைக்கலாம் என்று அண்ணன் ஓர் இணையப் பக்கம் தொடங்கினார். தொடங்கியதும் அவர் செய்ய நினைத்த முதல் வேலை, எங்கிருந்தோ எடுத்த மூன்று பச்சை முத்திரைகளை அடியில் ஒட்டுவது.

“இது யார் கொடுத்தது அண்ணே? அமுக்கினா எங்க போகுது?” என்று கேட்டேன்.

“எங்கயும் போகாது பாப்பா, படம்தானே. எல்லாப் பக்கத்துலயும் வச்சிருக்கான். நாம வைக்கலேன்னாதான் சந்தேகப்படுவாங்க.”

அப்பா உளியைத் தீட்டிக்கொண்டே, “கல்லைத் தட்டிப் பார்க்காம எவன்டா வாங்குவான்?” என்றார். சிற்பிகள் கல்லைச் சுத்தியால் தட்டி, எழும் ஒலியைக் கொண்டு அதன் குணத்தை அறிவார்கள். ஒலி மழுங்கிய கல்லை விலக்கிவிடுவார்கள். வாங்குபவர் கோயம்புத்தூரில் இருந்தால் எப்படித் தட்டுவார்?

அண்ணன் சொன்னதில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். முத்திரை இல்லாத பக்கத்தில் வாங்குவோர் தயங்குகிறார்கள் என்பது உண்மையே. இருந்தாலும் பெறாத முத்திரையை ஒட்டுவது எவ்வளவு பெரிய பிழை என்பதற்குச் சட்டமே சாட்சி. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2005-ஆம் ஆண்டு நெறிமுறை, அனுமதி பெறாமல் நம்பிக்கை முத்திரையைக் காட்டுவதை எந்தச் சூழலிலும் முறையற்ற வணிகச் செயல் என்று பெயர் சொல்லியே பட்டியலிட்டிருக்கிறது. நம் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், இல்லாத ஒப்புதலை இருப்பதாகக் காட்டுவதை முறையற்ற வணிக நடைமுறை என்றே கொள்கிறது. ஐ.எஸ்.ஐ. முத்திரையை உரிமம் இன்றி இடுபவருக்கு 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தண்டனை உண்டு. 2020 சூலையில் வந்த மின்வணிக விதிகள் இதைவிடப் பயனுள்ள ஒன்றைக் கேட்கின்றன: நிறுவனத்தின் சட்டப் பெயர், முகவரி, தொடர்பு எண், குறை கேட்கும் அலுவலரின் பெயர் ஆகியவற்றைப் பக்கத்தில் காட்ட வேண்டும், புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சித்தி வாங்கிய பக்கத்தில் நான்கு முத்திரைகள் இருந்தன, இவற்றுள் ஒன்றுகூட இல்லை. இனி ஒரு பக்கத்தைத் திறந்தால் முதலில் முகவரியைத் தேடுங்கள்.

நம் நாட்டு இணைய வணிகத்தை வளர்த்தது முத்திரையா என்றால், பொருள் கைக்கு வந்தபின் பணம் தரும் முறையே என்பேன். 2010-இல் ஃபிளிப்கார்ட் அதைக் கொண்டுவந்தது. மூன்றாம் ஆளின் சாட்சி கிடைக்காத இடத்தில், விற்பவன் தானே இடரை ஏற்கிறான். அந்த ஏற்பே ஒரு முத்திரை. கிழக்குக் கடற்கரைச் சாலை இளநீர் வண்டிகளில் “நாற்பது ரூபாய் பெறப்பட்டது” என்று கூவும் பெட்டியும் அதே குடும்பம்தான். அங்கே ஏமாறக்கூடியவர் விற்பவர். பணம் அனுப்பியதாகப் போலிப் படம் காட்டுவோரிடமிருந்து வங்கியின் குரல் அவரைக் காக்கிறது.

அப்பாவின் சிற்பத்துக்கு மேற்சொன்ன முறை முழுவதும் பொருந்தாது. கல் கனமானது, திருப்பி அனுப்பினால் கூலியே கையைக் கடிக்கும். ஆகவே வீட்டில் பேசி வேறொன்று செய்தோம். பாதிப் பணம் முன்னால், பாதி வந்து சேர்ந்த பின். சிற்பத்தின் உயரம், அகலம், எடை மூன்றையும் அளந்து போடுகிறோம். வாங்குபவரின் பெயரையும் அன்றைய தேதியையும் அடிப்பக்கத்தில் சுண்ணக்கட்டியால் எழுதி, அதைத் திருப்பி, அப்பா சுத்தியால் தட்டும் ஓசையோடு அரை நிமிடப் படம் எடுத்து அனுப்புகிறோம். கல் தூளையும் பசையையும் அச்சில் வார்த்த உருவங்களைக் கல்சிற்பம் என்று விற்கிறார்கள். தட்டினால் அவை கணீரென்று ஒலிப்பதில்லை. ஓசை கேட்ட கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் இரண்டாவது சிற்பத்துக்கும் சொல்லிவிட்டார். ஒரு நந்தி மட்டும் வழியில் கொம்பு உடைந்து போயிற்று. வேறொன்று செய்து அனுப்பினோம். அந்த மாதம் இலாபம் இல்லை. அண்ணன் இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை.

எங்கள் ஊருக்கென்று உண்மையான முத்திரை ஒன்று உண்டு. மாமல்லபுரம் கல்சிற்பத்துக்கு 2017-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கான சட்டம் 1999-இல் வந்து 2003-இல் நடைமுறை ஆயிற்று; நாடு முழுவதற்குமான பதிவகம் சென்னைக் கிண்டியில்தான் இருக்கிறது. 1957 முதல் இங்கே அரசு சிற்பக் கல்லூரி நடக்கிறது. உலகக் கைவினை மன்றம் 2015-இல் இவ்வூரைக் கல்சிற்ப நகரமாக ஏற்றது. ஆனால் இங்கும் நம் கேள்வியைக் கேட்க வேண்டும்: புவிசார் குறியீடு எதற்குச் சாட்சி? இன்ன ஊரில், இன்ன முறையில் செய்தது என்பதற்கு. இந்தப் பிள்ளையாரின் தும்பிக்கை அழகாக வந்திருக்கிறதா என்பதற்கு அன்று. மேலும், ஊருக்குக் குறியீடு கிடைத்ததாலேயே ஊரில் உள்ள ஒவ்வொருவரும் அதைப் பொறித்துக்கொள்ள முடியாது. அனுமதி பெற்ற பயனாளர் என்று ஒவ்வொரு சிற்பியும் தனித்தனியே பதிவு செய்துகொள்ள வேண்டும். 2020-இல் விதிகளைத் திருத்திப் படிவத்தை எளிமையாக்கிக் கட்டணத்தையும் குறைத்தார்கள். இருந்தும் எங்கள் தெருவில் இதைக் கேள்விப்பட்டவர்கள் எனக்குத் தெரிந்து மிகச் சிலர். கேள்விப்பட்டவர்களிலும், “அதை வாங்கி என்ன செய்ய, விலை ஏறுமா?” என்று கேட்பவரே அதிகம். அது நியாயமான கேள்வி. வாங்குபவருக்கு அந்தக் குறி பழகாத வரையில் ஏறாது. அக்மார்க் நம் பேச்சில் கலந்ததுபோல இது கலக்க எத்தனை ஆண்டு ஆகுமோ!

படிவத்தை நான்தான் நிரப்பினேன். என்ன தொழில், எத்தனை ஆண்டுகளாக, எந்த முறையில் என்ற கேள்விகளுக்கு அப்பா சொல்லச் சொல்ல எழுதினேன். முப்பத்தோர் ஆண்டுகள் என்றார். கையெழுத்திடும் இடத்தில் மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாகக் கொத்துவதுபோலத் தம் பெயரை எழுதினார். இவ்விதழ் அச்சுக்குப் போகும் நாள்வரை பதிவு எண் வரவில்லை. அண்ணனின் பக்கத்தில் அந்த இடம் இப்போதைக்குக் காலியாக உள்ளது. அதன் கீழே அப்பாவின் பெயர், பட்டறை முகவரி, காலை ஆறு முதல் இரவு ஒன்பது வரை எடுக்கப்படும் ஒரு கைபேசி எண்.